அணைக்காமல் வைத்தால் ஆயுள் கூடாது

பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும், மின்னணுச் சாதனம் பழுது பார்க்கும் கடைகளிலும், சிறு தொழிற்கூடங்களின் சோதனை மேசைகளிலும் ஒரு நம்பிக்கை பல பத்தாண்டுகளாகக் குடியிருக்கிறது. ஆசிலோஸ்கோப், மேசை மல்டிமீட்டர், சிக்னல் ஜெனரேட்டர், பவர் சப்ளை போன்ற சோதனைக் கருவிகளை இரவும் பகலும் ஓடவிட வேண்டும், அணைத்து அணைத்துப் போட்டால் கெட்டுப்போகும் என்பதுதான் அது. "ஓடுற மிஷினை ஆஃப் பண்ணாதே தம்பி" என்று மூத்தவர் இளையவருக்குச் சொல்வார். அவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்வார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்விட்சுக்கு மேலே "அணைக்காதீர்கள்" என்று காகிதம் ஒட்டிய மேசைகளை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இந்த நம்பிக்கை தவறு. விதிவிலக்கான கருவிகள் சில உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன். மற்றபடி, சாதாரண ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கருவியை விடிய விடிய ஓடவிடுவது அதன் ஆயுளைத் தின்கிறது. மின்கட்டணத்தை ஏற்றுகிறது. ஆளில்லாத அறையில் தீப்பிடிக்க வழி வைக்கிறது. கருவியைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல எண்ணத்தோடு இது நடப்பதால்தான் இதை இவ்வளவு கடுமையாக எழுத வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை பிறந்த இடம் நல்ல இடம்தான். வால்வு காலத்தில் அதற்கு உறுதியான அடிப்படை இருந்தது. வெற்றிடக் குழாய்க்குள் ஒரு ஹீட்டர் இழை இருக்கும். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, பழுக்கக் காய்ந்த நிலையில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே ஸ்விட்சைப் போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். இழையில் எங்காவது மெலிவு இருந்தால் அந்த இடத்தில் அறுந்துபோகும். வீட்டில் குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃப்யூஸ் போனதும் இதே காரணத்தால்தான். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிளெச்லி பார்க்குக்காகக் கொலோசஸ் கணினியைக் கட்டிய டாமி ஃப்ளவர்ஸ், அந்நாட்டு அஞ்சல் துறையின் டாலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் தொலைபேசிப் பொறியாளராக இருந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்வுகளை ஒரே இயந்திரத்தில் போட்டால் நிமிடத்துக்கொன்று கெடும் என்று பலரும் பயந்தபோது, அணைக்காமல் வைத்தால் வால்வை நம்பலாம் என்று தன் தொலைபேசி அனுபவத்திலிருந்து அவர் வாதிட்டார். 1944இல் அதை ஓட்டியும் காட்டினார். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்டு 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் 17,000க்கும் அதிகமான வால்வுகள். அங்கும் சூடேறும்போதும் ஆறும்போதும்தான் வால்வுகள் அதிகம் செத்தன. அதனால் அதையும் முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள்.

அந்தப் பொறியாளர்கள் தங்கள் கையில் இருந்த பொருளை ஆராய்ந்து முடிவெடுத்தார்கள். நாமோ பொருளை மறந்துவிட்டு முடிவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம். இன்று கருவிக்குள் இருப்பவை டிரான்சிஸ்டர்களும் சிப்புகளும். சிலிக்கானுக்கு இழை கிடையாது. சூடேறி வேலை தொடங்க வேண்டிய கேத்தோடும் கிடையாது. வால்விலேயே இந்த அறிவுரை பாதிக் கதைதான். இழை அறுவது ஒரு சாவு என்றால், எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு பூச்சு மணிக்கணக்கில் தேய்ந்து தீர்வது இன்னொரு சாவு. அணைக்காமல் வைத்தவர்கள் முதல் சாவைத் தள்ளிப்போட்டு இரண்டாவதை விரைவுபடுத்தினார்கள். நாள் முழுக்கக் கணக்குப் போட வேண்டிய போர்க்கால இயந்திரத்துக்கு அது லாபம். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் தொடப்படும் கருவிக்கு அது நட்டம்.

அணைக்காதோர் தரப்பில் அடிக்கடி சாட்சிக்கு வருவது கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துவரும் பல்பு. நூறாண்டுக்கு மேலாக எரிகிறதே, அணைக்காததால்தானே என்பார்கள். அந்த பல்பு இப்போது எரிவது ஒரு படுக்கையறை விடிவிளக்கின் அளவுக்கு, சுமார் 4 வாட்டில். அதில் இருப்பது கரி இழை. டங்ஸ்டனுக்கு நேர்மாறாக, கரி இழையின் தடை குளிர்ந்திருக்கும்போது அதிகம். சூடேற ஏறக் குறையும். ஸ்விட்ச் போட்ட கணத்தில் பாயும் அந்த வெள்ளம் கரி இழையில் பாய்வதே இல்லை. எந்த ஆபத்திலிருந்து காப்பாற்றியதாகச் சொல்கிறார்களோ அந்த ஆபத்து அந்த பல்புக்கு வரவே வராது. இது சாட்சி ஆகாது.

இனி உண்மையான வாதத்துக்கு வருவோம். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார். கரண்ட் போய் வந்துச்சு, அதுக்கப்புறம் ஆன் ஆகல." பழுது பார்க்கும் மேசைக்கு வரும் கருவிகளில் பெரும்பங்கு இந்த வாக்குமூலத்தோடுதான் வருகின்றன. ஓடும்போது ஓடியது, அணைந்தபின் எழவில்லை. ஆகவே அணைந்ததுதான் குற்றவாளி. கேட்டால் நியாயமாகப் படும். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் கதை தலைகீழாக மாறும்.

எஸ்.எம்.பி.எஸ். வகை பவர் சப்ளையை எடுத்துக்கொள்வோம். அதை இயக்கும் கட்டுப்பாட்டு சிப்பாகப் பல காலம் கோலோச்சியது யூசி3842. அதன் பக்கத்தில் ஒரு சின்ன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும். கருவியை ஆன் செய்தவுடன் ஒரு பெரிய மின்தடை வழியாக இந்தக் கெப்பாசிட்டர் மெதுவாக நிறையும். 16 வோல்ட்டைத் தொட்டதும் சிப் விழித்துக்கொள்ளும். விழித்த பின் அதற்கு வேண்டிய மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்று கொடுக்கும். ஆனால் அந்தச் சுற்று பலம் பெறும்வரை சில மில்லி விநாடிகளுக்கு அந்தச் சின்னக் கெப்பாசிட்டர்தான் சிப்பைத் தாங்க வேண்டும். அதற்குள் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் சிப் மறுபடி படுத்துவிடும். திரும்ப நிறையும், விழிக்கும், படுக்கும். "டிக், டிக்" என்று சத்தம் மட்டும் வரும். டிவி மெக்கானிக்குகள் எல்லோருக்கும் பழகிய சத்தம் அது.

அந்தக் கெப்பாசிட்டர் பெரும்பாலும் ஹீட் சிங்க்கை ஒட்டியோ டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலோ உட்கார்ந்திருக்கும். கருவி ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அது வேகிறது. உள்ளிருக்கும் திரவம் ரப்பர் அடைப்பு வழியாக ஆவியாகி வெளியேறுகிறது. கொள்ளளவு குறைகிறது, உள்தடை ஏறுகிறது. கருவி ஓடிக்கொண்டிருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. துணைச் சுற்றுதான் சிப்பைத் தாங்குகிறதே! சூட்டில் கெப்பாசிட்டரின் உள்தடையும் கொஞ்சம் தணிந்திருக்கும். ஒரு நாள் மின்சாரம் போகிறது. கருவி ஆறுகிறது. மறுபடி எழ வேண்டிய நேரத்தில், காய்ந்துபோன கெப்பாசிட்டரால் சிப்பைத் தாங்க முடியவில்லை. அதைக் கொன்றது மாதக்கணக்கான சூடு. அணைந்த தருணம் அந்தச் சாவை வெளியே காட்டியது, அவ்வளவுதான். அந்த வாக்குமூலத்தைக் கேட்டு நாம் ஸ்விட்சின்மேல் பழியைப் போட்டு, சூட்டை விடுதலை செய்துவிடுகிறோம். அடுத்த கருவியை இன்னும் கவனமாக, இன்னும் நீண்ட நேரம், அணைக்காமல் வேகவைக்கிறோம்.

கெப்பாசிட்டரின் ஆயுள் ஊகத்துக்கு விட்ட விஷயமல்ல. செய்தவர்களே தகவல் தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். சாதாரண வகை ஒன்றுக்கு 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிக்கும் என்பது இத்துறையின் நெடுநாளைய கணக்கு. கருவிக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு முறை இரட்டித்தால் 32,000 மணி நேரம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அணைக்காமல் ஓட்டினால் மூன்றரை ஆண்டு கடந்த கொஞ்ச நாளிலேயே அந்த ஆயுள் முடிந்துவிடும். அதே கருவியை வேலை நாளில் எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டினால் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரம்தான் செலவாகும். அணைந்து கிடக்கும்போதும் கெப்பாசிட்டர் மூப்படையும் என்பதையும் சேர்த்துக்கொண்டாலும் பத்தாண்டைத் தாண்டும். ஹீட் சிங்க் பக்கத்தில் 85 டிகிரியில் இருப்பதற்கோ அணைக்காமல் ஓட்டினால் ஓர் ஆண்டுகூட இல்லை. இந்த ஆயுள் முடிந்த நாளில் அது வெடித்துவிடாது, கொள்ளளவும் உள்தடையும் எல்லை தாண்டிவிட்டன என்றே பொருள். அந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான் முன்னே சொன்ன "டிக், டிக்" தொடங்குகிறது.

எதிர்த்தரப்பிடம் இன்னொரு வாதம் உண்டு. இது கௌரவமான வாதம். பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கருவி சூடேறி விரிகிறது, அணைக்கும்போது ஆறிச் சுருங்குகிறது. போர்டும் சிப்பும் சால்டரும் வெவ்வேறு அளவில் விரிவதால் இணைப்பு களைத்துப்போய் விரிசல் விடும் என்பது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதுபோல. இந்த விளைவு உண்மையானது. 1950களில் அமெரிக்காவில் காஃபின், மேன்சன் என்ற இருவர் தனித்தனியே இதற்குக் கணக்கே போட்டுத் தந்திருக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு சூடு ஏறி இறங்குகிறது?

சால்டர் இணைப்புகளைச் சோதிக்கும் கூண்டில் போர்டை மைனஸ் 40 டிகிரிக்கும் 125 டிகிரிக்கும் இடையே மாறிமாறித் தள்ளுவார்கள். ஏற்ற இறக்கம் 165 டிகிரி. அந்தக் கொடுமையை ஆயிரம் முறை தாங்கும் ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். நம் ஆய்வக மேசையில் ஒரு கருவி 30 டிகிரியிலிருந்து 55க்குப் போய் மாலையில் திரும்புகிறது. ஏற்ற இறக்கம் 25 டிகிரி. சால்டரின் களைப்பு இந்த வித்தியாசத்தின் ஏறத்தாழ இரண்டாம் படியில் மாறும். அதாவது மேசையில் அந்த இணைப்பு நாற்பதாயிரம் முறைக்கு மேல் தாங்கும். நாளுக்கு ஒரு முறை என்றால் நூறு ஆண்டுகளுக்கும் அதிகம். பவர் டிரான்சிஸ்டர் போல அதிகம் சூடாகும் பாகங்களுக்கு ஏற்ற இறக்கம் 65 டிகிரி வரை போகலாம். அவற்றுக்கும் இதே கணக்கில் ஆறாயிரம் முறைக்கு மேல் வருகிறது. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் கால் நூற்றாண்டு. அதன் பிறகு விரிசல் விட்டாலும், அந்தக் காலில் கொஞ்சம் ஃப்ளக்ஸ் வைத்து மறுபடி சால்டர் செய்தால் தீர்ந்தது.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் சாலையைப் பார்க்கட்டும். பேருந்தின் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி ஒரு நாளில் எத்தனை முறை அணைந்து எழுகிறது? ஆய்வகக் கருவி கனவிலும் காணாத சூட்டையும் அதிர்வையும் தாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. ஆய்வகத்துக்குள்ளேயே சான்று வேண்டுமா? பேட்டரியில் ஓடும் கை மல்டிமீட்டரைப் பாருங்கள். அளந்து முடித்ததும் அதை அணைக்கிறோம். மறந்தால் அதுவே அணைந்துகொள்கிறது. அதை ஆன் செய்த எண்ணிக்கையை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் ஃப்ளூக் 87 போன்ற மீட்டர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்து இன்னும் பைக்குள் இருக்கின்றன. அதே மேசையில் பிளக்கோடு நிற்கும் மீட்டருக்கு மட்டும் ஸ்விட்ச் எமனாக இருக்க எந்தக் காரணமும் இல்லை.

கெப்பாசிட்டர் மட்டும் தேய்கிறது என்று நினைக்க வேண்டாம். ஃபேனின் பேரிங் மணிக்கணக்கில் தேய்கிறது. 40,000 மணி நேர ஃபேன் அணைக்காமல் ஓடினால் நாலரை ஆண்டு, வேலை நேரத்தில் மட்டும் ஓடினால் இருபது ஆண்டு. அது நின்றுபோனதை இரவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். காலையில் உள்ளே எல்லாம் வறுபட்டிருக்கும். ஓடும் ஃபேன் தூசியையும், கடலோர ஊர்களில் உப்புக் காற்றையும் நாள் முழுக்க உள்ளே இழுத்துப் போர்டின்மேல் பூசுகிறது. பழைய ஸ்கோப்பின் படக்குழாயில் ஒளிக்கோடு ஒரே இடத்தில் நின்று பாஸ்பரைச் சுட்டுவிடுகிறது. உலகமெங்கும் பழகிய 34401ஏ மல்டிமீட்டரின் பச்சை நீல எண்கள் ஓடவிட்டே மங்கிப்போனதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திரைக்கு ஆயுள் மணிக்கணக்கில்தான். கருவி நன்றாக அளக்கும், எண் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. உற்பத்தி நின்றுபோன கருவிக்கு மாற்றுத் திரை தேடி அலைவது எவ்வளவு கடினம் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். நம் நாட்டுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அணைக்காமல் வைப்பது என்ற பேச்சே, மின்சாரம் தடையில்லாமல் வரும் ஊரில்தான் அர்த்தமுள்ளது. நம் ஊரில் ஸ்விட்சை நீங்கள் தொடாவிட்டாலும் மின்வாரியம் தொடும். 2012ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். இன்றும் பராமரிப்புக்கான மின்தடை உண்டு, மழைக்காலத்தில் மரம் விழுந்து போகும் மின்சாரம் உண்டு. ஆகவே இங்கே அணைக்காத கருவியும் அணைந்து அணைந்துதான் எழுகிறது. வித்தியாசம் என்னவென்றால், மனிதன் நிதானமாக ஒரு முறை அணைத்து ஒரு முறை போடுவதற்குப் பதிலாக, மின்சாரம் போய், ஒரு விநாடியில் வந்து, மறுபடி போய், மறுபடி வந்து அதை உலுக்குகிறது. பவர் சப்ளையின் வாசலில், ஆரம்ப மின்னோட்டத்தைத் தடுக்க ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். அது குளிர்ந்திருந்தால் தடை அதிகம். ஓடிச் சூடான பின் தடை மிகக் குறைவு. ஆற விடாமல் உடனே மின்சாரம் திரும்பி வந்தால் அது தடுக்காது. முழு வெள்ளமும் டையோடுகளில் பாயும். ஸ்விட்ச் போடும் அதிர்ச்சிக்குப் பயந்தவர்கள், அந்த அதிர்ச்சியின் மிக மோசமான வடிவத்துக்குக் கருவியை இரவில் காவல் இல்லாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பதும் நம் மக்களுக்குத் தெரியும். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய சாக்கெட்டில் சுமை சமமில்லாத அளவைப் பொறுத்து 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரலாம். ஒரு தெருவே டிவியையும் ஃபிரிட்ஜையும் இழந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அந்த நேரத்தில் சுவர் ஸ்விட்சில் அணைந்திருந்த கருவி தப்பிக்கும். ஓடிக்கொண்டிருந்த கருவி போகும். வடகிழக்குப் பருவமழையின் இடி மின்னலுக்கும் இதே கணக்குதான். அதற்கு பிளக்கையே பிடுங்கி வைப்பது நல்லது. யூ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். ஆளில்லாத இரவில் யாருக்காகவோ அதன் பேட்டரியைக் காலி செய்துவிட்டு, காலையில் வேலை நடக்கும்போது மின்சாரம் போனால் கை விரிக்கும் யூ.பி.எஸ். அது.

அடுத்து, தீ. 1970கள், 80களின் கருவிகளை வைத்திருப்பவர்கள் ரிஃபா என்ற பெயரைப் படித்துவைத்துக்கொள்ள வேண்டும். சுவீடனின் ரிஃபா நிறுவனம் செய்த காகித வகைக் கெப்பாசிட்டர்கள், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக நேராக மெயின்ஸ் குறுக்கே போடப்பட்டன. அவற்றின் தெளிந்த பிளாஸ்டிக் உறை ஆண்டுகள் போகப்போக நுண்விரிசல் விடும். விரிசல் வழியே ஈரம் புகும். ஒரு நாள் அது ஷார்ட் ஆகி, வெடித்து, அறை முழுக்கக் காரமான புகையைக் கக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் பிளக்கைப் பிடுங்குவார். நள்ளிரவில் பூட்டிய ஆய்வகத்தில் யார் பிடுங்குவது? பல கருவிகளில் இந்தக் கெப்பாசிட்டர் முன்பக்க ஸ்விட்சுக்கு முன்பாகவே இருக்கிறது. முன்பக்கப் பொத்தானை அணைத்தாலும் அதன்மேல் மின்சாரம் நின்றுகொண்டுதான் இருக்கும். புதிய கருவிகளிலும் முன்பக்கப் பொத்தான் பெரும்பாலும் கருவியைத் தூங்கவைக்க மட்டுமே செய்கிறது. நம் ஊரில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பக்கத்திலேயே சுவர் ஸ்விட்ச் இருப்பது பெரிய வசதி. அணைப்பது என்றால் அதை அணைப்பதுதான்.

விதிவிலக்குகளுக்கு வருகிறேன். நம்பிக்கையின் ஆதரவாளர்கள் இவற்றைக் காட்டித்தான் எல்லாக் கருவிக்கும் வாதாடுகிறார்கள். மின்னழுத்தத்தின் அளவுகோலாக அளவீட்டு நிலையங்கள் வைத்திருக்கும் ஃப்ளூக் 732பி போன்ற 10 வோல்ட் நியமங்களை அணைக்கவே கூடாது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எடுத்துப்போகும்போதுகூட அது உள்ளிருக்கும் பேட்டரியில் உயிரோடுதான் பயணிக்கும். எட்டரை இலக்க மல்டிமீட்டரான 3458ஏ, சொல்லும் துல்லியத்துக்கு வர 4 மணி நேரம் சூடேற வேண்டும். அதன் உள்ளே சூடான அறையில் வைத்த ஒரு ரெஃபரன்ஸ் சிப் இருக்கிறது. அளவீட்டு நிலையத்தில் அதைத் தொடர்ந்து ஓடவிடுவதில் நியாயம் உண்டு. அதிர்வெண் கவுன்ட்டருக்குள் சிறு அடுப்பில் வைத்த குவார்ட்ஸ் படிகம் ஒரு முறை ஆறினால் பழைய நிலைக்கு வந்து நிலைகொள்ள ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதனால் ஹியூலெட்-பேக்கர்ட் பொறியாளர்கள் தங்கள் கவுன்ட்டர்களில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். முன்பக்க ஸ்விட்சை அணைத்தாலும் அடுப்பு மட்டும் ஓடும், மற்றதெல்லாம் நிற்கும். தொடர்ந்து ஓட வேண்டியது எது, ஓய்வெடுக்க வேண்டியது எது என்று செய்தவர்களே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். முழுக் கருவியும் ஓடுவது நல்லதென்றால் அந்தப் பிரிவினைக்கு அவர்கள் பணம் செலவழித்திருக்க மாட்டார்கள். இந்திய நேரத்தைக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்களை யாரும் மாலையில் அணைக்கப்போவதில்லை. ஆனால் சீசியம் கடிகாரத்தின் குழாயில் இருக்கும் சீசியமும் ஓட ஓடத் தீர்ந்துபோகிறது. அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறார்கள், ஏனென்றால் நேரம் நிற்கக் கூடாது.

இந்த விதிவிலக்குகள் எல்லாவற்றிலும் நோக்கம் அளவு அசையாமல் நிற்பது. ஆயுள் கூடுவது எதிலும் நோக்கமல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் இன்றைய நம்பிக்கையின் வேர். டிஜிட்டல் ஸ்கோப்பின் மாற்றி பெரும்பாலும் 8 பிட், அதாவது 256 படிகள். ஒரு படியே முழு அளவில் 0.4 விழுக்காடு. அதன் செங்குத்துத் துல்லியம் 3 விழுக்காடு என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். லட்சத்தில் சில பங்கு நகர்வுக்காக அதை இரவெல்லாம் ஓடவிடுவதில் அளவீட்டு அறிவு எதுவும் இல்லை. காலையில் வந்ததும் அரை மணி நேரம் ஓடவிட்டால் போதும். 34401ஏ போன்ற ஆறரை இலக்க மீட்டருக்கே கையேடு கேட்பது ஒரு மணி நேரம்தான்.

ஈரத்தைச் சொல்வார்கள். கடலோர ஊரில் மழைக்காலத்தில் கருவி சூடாக இருந்தால் உள்ளே ஈரம் படியாது என்பது சரிதான். ஆனால் அதற்கு மூடிய அலமாரியும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஆண்டுக்கணக்கில் தொடாமல் போட்டுவைப்பதும் தவறுதான். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆக்சைடு படலம் பயன்படாமல் கிடந்தால் பலவீனமாகும். மாதம் ஒரு முறை சில மணி நேரம் ஓட்டினால் அதற்குத் தீர்வு. இன்னொரு பயமும் உண்டு. சில பழைய கருவிகளில் அளவுத்திருத்த எண்கள் பேட்டரி வைத்த நினைவுச் சிப்பில் இருக்கும். அணைத்துவைத்தால் பேட்டரி தீர்ந்து எண்கள் அழிந்துவிடும் என்பார்கள். அந்தப் பேட்டரிக்கு ஆயுள் பத்தாண்டு அளவுதான். ஓடவிட்டு அதைச் சாகாவரம் பெற வைக்க முடியாது. ஒரு மின்வெட்டு போதும், எல்லாம் போய்விடும். எண்களைப் படித்துப் பத்திரப்படுத்திவிட்டு சிப்பை மாற்றுவதே வழி.

மின்கட்டணத்தை மட்டும் ஒரு கணக்கில் சொல்லிவிடுகிறேன். இருபது மேசைகள் உள்ள ஒரு கல்லூரி ஆய்வகம். மேசைக்கு ஸ்கோப், ஜெனரேட்டர், பவர் சப்ளை, மீட்டர் எல்லாம் சேர்த்து 100 வாட். மொத்தம் 2 கிலோவாட். ஆண்டில் 2,000 மணி நேரம் பயன்பாடு போக, 6,760 மணி நேரம் வீணாக ஓடினால் 13,520 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. ஓடினால் அது தனி. நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரே ஓர் ஆய்வகத்திலிருந்து ஆண்டுக்கு ஒன்பது டன்னுக்கு மேல், யாரும் எதையும் அளக்காத நேரத்தில். அந்தக் கட்டணத்தில் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு புது ஸ்கோப்பையே வாங்கிவிடலாம்.

ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் கடை நடத்தும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். "அணைக்காதீர்கள்" காகிதத்தைக் கிழித்துவிடுங்கள். ஒவ்வொரு கருவியின் கையேட்டையும் திறந்து, சூடேற எவ்வளவு நேரம் என்று பார்த்து, அந்த நிமிடக் கணக்கை எழுதி ஒட்டுங்கள். அடுப்பு வைத்த கவுன்ட்டரோ வோல்ட் நியமமோ இருந்தால் அதற்குத் தனி சாக்கெட் கொடுத்து, "இது மட்டும் ஓட வேண்டும்" என்று எழுதுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் தேவைப்படும் கருவிகளை முதலில் ஆன் செய்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். மாலையில் கிளம்பும்போது சுவர் ஸ்விட்சை அணையுங்கள். ஒரு நாள் ஒரு கருவி ஆன் ஆகாமல் போனால், ஸ்விட்சைக் குற்றம் சொல்வதற்கு முன் மூடியைத் திறந்து, ஹீட் சிங்க் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரை அளந்து பாருங்கள்.